நகரும் கணுக்களிடையே அலையகலத்தை முன்பதிவு செய்ய முடியுமா?

இளவேனில்:
கோபுரமோ நிலையான திசைவியோ இல்லாமல், கைபேசி போன்ற கருவிகளான கணுக்களே ஒன்றுக்கொன்று தரவுப் பொட்டலங்களைக் கடத்திவிடும் கம்பியில்லா வலையில் குரல் அழைப்பு நடக்க வேண்டுமானால், வழியைத் தேடும்போதே அதற்கான அலையகலத்தையும் (தரவு செல்லும் கொள்ளளவையும்) முன்பதிவு செய்தாக வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இத்தகைய வலையில் வழி தேடித்தரும், 2003-இல் வெளியான ஏஓடிவி நெறிமுறையோ தாவல்களை, அதாவது கணுவிலிருந்து கணுவுக்கு நடக்கும் கடத்தல்களை, எண்ணுகிறதே தவிர, அந்த வழி நெரிசலில் திணறுகிறதா என்று பார்ப்பதில்லை.

தும்பி:
முன்பதிவு செய்யும் பொருள் முதலில் நம் கையில் இருக்க வேண்டும், நண்பரே. கம்பியில் அது இருக்கிறது; காற்றில் இல்லை. அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து கணுக்கள் வரிசையாக நிற்பதாகக் கொள்ளுங்கள். அ அனுப்புவதை ஆ பெற்றுக்கொண்டிருக்கும்போது இ வாய் திறக்கக் கூடாது என்பது வெளிப்படை. ஈ அனுப்புவதை ஆ-வால் படிக்க முடியாது. ஆனாலும் அந்த அலை ஆ-வின் காதில் இரைச்சலாக விழுந்து, வந்துகொண்டிருக்கும் பொட்டலத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் நீண்ட வரிசையில், எவ்வளவு ஒழுங்காக முறைவைத்து அனுப்பினாலும், ஒற்றைத் தாவலின் வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் தேறும். 2001-இல் வந்த ஆய்வொன்றின் பாவனையாக்கத்தில் வைஃபை தரமான 802.11 ஏழில் ஒரு பங்கைத்தான் எட்டியது. ஆகவே, "என் இணைப்பில் இவ்வளவு மிச்சம் உள்ளது" என்று ஒரு கணு அறிவிப்பதே பாதிப் பொய்.

இளவேனில்:
அந்தப் பொய்யைத் திருத்த வழி உண்டு. ஊடகம் எவ்வளவு நேரம் ஓய்வாக இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணுவும் கேட்டறிந்து, இரண்டு தாவல் தொலைவு வரை பகிர்ந்துகொள்ளலாம். பதிவும் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. இன்சிக்னியா என்னும் முன்பதிவு முறையில், பொட்டலங்கள் வந்துகொண்டிருக்கும் வரைதான் பதிவு உயிரோடிருக்கும். வரத்து நின்றால் தானே கலைந்துவிடும்.

தும்பி:
கலைவது எளிது, கணு நகர்ந்துவிட்டது என்று தெரிய வேண்டுமே! ஏஓடிவியின் இயல்பு அமைப்பில் தான் இருப்பதை அண்டைக் கணுக்களுக்கு அறிவிக்கும் ஹலோ செய்தி நொடிக்கு ஒன்று. இரண்டு தவறினால்தான் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். 20 மில்லிவினாடிக்கு ஒரு குரல் பொட்டலம் என்றால், அந்த இரண்டு நொடிக்குள் நூறு பொட்டலங்கள் பாழ். இதைவிட, இடைக் கணுக்களில் எந்தப் பதிவும் வைக்காமல், அழைப்பைத் தொடங்கும் மூலக் கணுவே ஆய்வுப் பொட்டலம் அனுப்பிப் பார்த்து அழைப்பை ஏற்கும் ஸ்வான் முறை நேர்மையானது.

இளவேனில்:
ஹலோவை மட்டும் யார் நம்புகிறார்கள்? 'கிடைத்தது' என்ற ஒப்புகை வராத சட்டகத்தை (பொட்டலத்தைச் சுமக்கும் உறையை) சில முறை மறுபடி அனுப்பிப் பார்த்தவுடனேயே, அண்டைக் கணுவுக்கு அனுப்புவதைக் கவனிக்கும் இணைப்பு அடுக்கு கைவிரித்துவிடும். அதற்கு மில்லிவினாடிகளே போதும். விரைந்தோடும் வாகனங்களிடையே உங்கள் வாதம் செல்லும் என்பதை மறுக்கவில்லை. நடை வேகத்தில் செல்லாது.

தும்பி:
நடை வேகத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. உங்கள் பதிவைப் பற்றி எதுவுமே அறியாத வேறொரு கணு பக்கத்தில் வந்து நின்று பேசத் தொடங்கினால், அதை எந்த அட்டவணை தடுக்கும்? வைஃபையில் முன்னுரிமை வகுக்கும் 2005-இன் 802.11இ திருத்தம் கூட, இத்தகைய வலையில் குரலுக்குக் குறைந்த காத்திருப்பைத்தான் தருகிறது. முந்திக்கொள்ளும் வாய்ப்பு கூடுமே அன்றி, இடம் உறுதியாவதில்லை.