12 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு மங்குகிறது: உதவி தேவை

தோப்புக்காரர்:
மோட்டார் கொட்டகைக்காக, சோலாரில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு அமைத்திருக்கிறேன். மின்னோட்டம் 350 மில்லி ஆம்பியரில் நிலையாக நிற்பதற்காக எல்.எம்.317 ஐ.சி.யுடன் 3.6 ஓம் மின்தடையை இணைத்தேன். பகலில் சார்ஜ் ஏறும்போது ஓரளவு எரியும் விளக்கு, இரவில் மங்கிவிடுகிறது. ஐ.சி.யை மாற்றியும் பயனில்லை. விரைவில் வழி சொல்லுங்கள்.

மின்மினி:
எத்தனை எல்.இ.டி.கள், அவை தொடர் இணைப்பா, பக்க இணைப்பா? இரவில் பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது?

பழைய ரேடியோ:
ஐ.சி.யே தேவையில்லை. தக்க மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்தால் போதும். என் வீட்டு விளக்குகள் அப்படித்தான் எரிகின்றன.

வாட்மீட்டர்:
அடிப்படை விவரங்களைத் தராமல் உதவி கேட்பது இங்கு வழக்கமாகிவிட்டது. டேட்டாஷீட்டைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பி.டி.4115 பக் (மின்னழுத்தத்தை இறக்கித் தரும்) ஐ.சி.யைப் போடுங்கள்.

தோப்புக்காரர்:
1 வாட் வெள்ளை எல்.இ.டி.கள் நான்கு, தொடர் இணைப்பு. இரவில் 12.2 வோல்ட்.

மின்மினி:
பழுது ஐ.சி.யில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்றால் நான்குக்கு 12.8 வோல்ட் வேண்டும், எல்.எம்.317 தனக்கென்றும் மின்தடைக்கென்றும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்வதால், சார்ஜ் ஏறும் 14.4 வோல்ட்டில்கூட அது சீராக்க முடியாது. இந்த 12.8 வோல்ட், பேட்டரியின் ஏற்ற இறக்கத்துக்கு நடுவிலேயே விழுவதால் பக் மட்டுமோ பூஸ்ட் (மின்னழுத்தத்தை ஏற்றித் தருவது) மட்டுமோ முழுமையாக உதவாது. நான்கையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் செபிக் போன்ற, ஏற்றவும் இறக்கவும் வல்ல சுற்று தேவை. ஒன்றைக் கழற்றி மூன்றாக்குங்கள்; அல்லது ஆறாக்கிப் பூஸ்ட் வையுங்கள்.

மூன்று எல்.இ.டி.க்கு 9.6 வோல்ட் போதும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் (மின்னோட்டம் வெளியேறும் முனையில்) 1.8 ஓம் மின்தடையை வைத்து, அதன் குறுக்கே 0.63 வோல்ட் வந்ததும் என்.பி.என். டிரான்சிஸ்டர் ஒன்று கேட் (கட்டுப்பாட்டு முனை) மின்னழுத்தத்தை இறக்கும்படி அமைத்தால், பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை 350 மில்லி ஆம்பியர் கிடைக்கும். டிரான்சிஸ்டரை மாஸ்ஃபெட்டை ஒட்டி வைக்காதீர்கள். அதன் பேஸ் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறைவதால், சூடேறினால் மின்னோட்டமும் குறையும்.

பழைய ரேடியோ அவர்களே, 12.6 வோல்ட்டில் இந்த மூன்றுக்குக் கணக்கிட்ட 8.6 ஓம், 14.4 வோல்ட்டில் மின்னோட்டத்தை 500 மில்லி ஆம்பியருக்கு மேல் உயர்த்திவிடும்.

வாட்மீட்டர்:
மீதி மின்னழுத்தத்தை வெப்பமாக எரிப்பது வடிவமைப்பே அன்று. 12.6 வோல்ட்டில் உங்கள் சுற்றின் திறன் (எடுத்த ஆற்றலில் விளக்குக்குச் சேரும் பங்கு) 76 விழுக்காடுதான். பக் 90 தரும். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு 7 வாட்-மணி கூடுதலாக வீணாவது சிறிய இழப்பா?

மின்மினி:
விளக்கு எரிவது இரவில். அப்போது 12.2 வோல்ட்டில் திறன் 79 விழுக்காடு. பேட்டரி இறங்க இறங்க அது மேலும் உயரும். சிறிய பேட்டரிக்குப் பக் சிறந்தது என்பதை ஏற்கிறேன், ஆயினும் மழை ஈரமுள்ள கொட்டகையில் கையால் பழுது பார்க்கக்கூடிய நான்கு உறுப்புகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வாட்மீட்டர்:
பழுது பார்க்க எளிது என்பதற்காகப் பேட்டரியின் ஆயுளைப் பலியிட வேண்டியதில்லை.

தோப்புக்காரர்:
ஒன்றைக் கழற்றி, மாஸ்ஃபெட் சுற்றை வைத்தேன். இரவில் 340 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. நன்றி.