போயாவுக்கு முந்தின இரவு ரிசெப்ஷன், குடிக்காமல் நிக்கிறது எப்படி?

கேள்வி: குடியை விட்டு 7 கிழமை. வேலை முடிஞ்சு வெள்ளவத்தைக்கு வாற வழியில, 6 மணியளவில ஆசை பிடிச்சு இழுக்குது. வாற சனிக்கிழமை நண்பன்ர கலியாணம், இரவு ரிசெப்ஷன். அடுத்த நாள் போயா (பௌர்ணமி லீவு), சாராயக் கடை பூட்டு. அதால செட் முழுக்க முதலே போத்தல் வாங்கி வைச்சிருக்கும். என்ன செய்யலாம்?

வங்காலை: முதல்ல அந்த 6 மணி. மத்தியானம் சாப்பிட்டு 5 மணித்தியாலம் போயிருக்கும், உடம்பும் களைச்சிருக்கும். பசியே குடிக்கிற ஆசை மாதிரித் தெரியும். 5 மணிக்கே ஒரு மீன் பணிஸ், ரெண்டு கிளாஸ் தண்ணி. வைன் ஸ்டோர்ஸ் இருக்கிற பக்கத்தை விட்டிட்டு மரைன் டிரைவால நடவுங்கோ. ஆசை வந்தா மணிக்கூட்டைப் பாருங்கோ, அனேகமா 20-30 நிமிசத்தில தணியும். "நினைக்காத" எண்டு அதோட சண்டை பிடிச்சாக் கூடும். தாடையில இறுக்கமா, நெஞ்சில படபடப்பா எண்டு கவனிச்சபடி மூச்சை மெதுவா விடுங்கோ. கெடுக்கிறது ஒண்டுதான்: "ஒண்டு மட்டும்" எண்டு மனசுக்குள்ள பேரம் பேசிக்கொண்டு கடைப்பக்கம் நடக்கிறது.

பொன்னி: மண்டபத்துக்குள்ள போன உடன ஜிஞ்சர் பியர் ஒண்டைக் கையில எடுங்கோ. வெறுங்கையைக் கண்டாத்தான் ஊத்துவினம். கிளாஸை வைச்சிட்டு எங்கயும் போனா, திரும்பி வந்து அதைத் தொடாமல் புதுசு எடுங்கோ. அல்கஹோல் இல்லாத பியரும் வேண்டாம், அந்த மணமும் ருசியுமே ஆசையைக் கிளப்பும். போத்தல் எடுக்கக் கார் டிக்கி திறக்கிற இடத்துக்கு "சும்மா கதைக்க" எண்டும் போகாதேங்கோ.

கேட்டா, "மச்சான், நான் விட்டிட்டன்." அவ்வளவுதான். "அன்டிபயோட்டிக் எடுக்கிறன்" எண்டால் அடுத்த கிழமை திரும்பவும் கேப்பினம். காரணம் சொன்னா அதோட வாதாடுவினம். மூண்டு தரம் கேட்டாலும் அதே வசனம், அதே குரல். இன்னொருத்தர்ர காரில போகாதேங்கோ, அவர் வெளிக்கிடுமட்டும் நீங்களும் நிக்கவேணும்.

சீலன்: பொன்னி சொன்னது எல்லாம் சரி, ஆனா 7 கிழமையில இரவுக்குப் போகவே வேணுமா? தாலிகட்டுக்குப் போங்கோ. அங்க போத்தல் இல்லை, மாப்பிள்ளைக்கும் முகம் காட்டியாச்சு.

ரிசெப்ஷனுக்காக டைசல்ஃபிராம் குளிசையை (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யிற மருந்து) தானா வாங்கிப் போடக்கூடாது, டொக்டர் பாத்துத்தான் தரவேணும். கடைசிக் குளிசைக்குப் பிறகு 14 நாள் வரைக்கும் கொஞ்சம் குடிச்சாலே வாந்தி, படபடப்பு, பிரஷர் விழுறது நடக்கலாம். சில இருமல் பாணிகளிலயும் அல்கஹோல் இருக்கு, அதைக் குடிச்சாலும் இப்பிடி வரலாம்.

தப்பி ஒரு கிளாஸ் குடிச்சிட்டாலும் "எல்லாம் போச்சு" எண்டு போத்தலை முடிக்காதேங்கோ. அந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டு ஒருத்தருக்கு கோல் எடுங்கோ. இலங்கையில மனநல உதவிக்கு எடுக்கிற டெலிபோன் இலக்கம் 1926.

இதை வாசிக்கிற, தினமும் நிறையக் குடிக்கிற ஆக்கள் ஒரேயடியா நிப்பாட்டவேண்டாம். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரியில காட்டிச் செய்யுங்கோ.

கேள்வி கேட்டவர்: தாலிகட்டு காலமை 9 மணிக்கு. அதுக்கே போறன், சீலன் அண்ணா. இரவுக்கு வரேல்லை எண்டு மாப்பிள்ளைக்கு இண்டைக்கே சொல்லிவிடுறன்.