மறு: கணக்கில் வராத எரிவாயுவுக்குக் கலைச்சொல்

> எரிவாயு நிறுவனம் குழாயில் விட்ட அளவுக்கும் வீட்டு மீட்டர்களில் பதிவான அளவுக்கும் நடுவே விழும் துண்டுக்கு "எரிவாயுச் சேதாரம்" எனலாமா? நகைக்கடை புண்ணியத்தில் எல்லோருக்கும் பழகிய சொல்.

குழுவினருக்கு வணக்கம்.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த இடத்துக்கு வேண்டாம் என்பேன். நகைக்கடையில் சேதாரம் என்றதுமே அதை வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. எத்தனை சதவீதம் என்பதில்தான் பேரம். அமெரிக்காவில் இந்த எரிவாயுவை வைத்து நடக்கும் வழக்கே யார் கொடுப்பது என்பதுதான். கலைச்சொல் முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

அங்கே நிறுவனம் மொத்தமாக வாங்கும் எரிவாயுவின் விலை அப்படியே பில்லில் ஏறும். 100 பங்கு வாங்கி மீட்டர்களில் 97 தான் பதிவானாலும், 100 பங்கின் விலையையும் மக்களிடமே வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் பழைய வார்ப்பிரும்புக் குழாயைத் தோண்டி மாற்ற என்ன அவசரம் வரும்? பாஸ்டனில் ஆய்வாளர்கள், இந்த எரிவாயுவின் பெரும்பங்கான மீத்தேனை அளக்கும் கருவியைக் காரில் வைத்துத் தெருத்தெருவாக ஓட்டி, 3,300-க்கும் மேற்பட்ட கசிவுகளைக் குறித்தார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2014 சட்டம் கசிவுகளை மூன்று தரமாகப் பிரித்தது. வெடிக்கும் ஆபத்துள்ள முதல் தரத்தை உடனே அடைக்க வேண்டும். மூன்றாம் தரத்தை அவ்வப்போது பார்த்து வந்தால் போதும் என்று விட்டது. அப்படி விட்ட கசிவு மண்ணில் ஆக்சிஜனைக் குறைத்து, மேலே நிற்கும் தெரு மரத்தைக் கொல்லும். காற்றில் கலந்தால் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். செனட்டர் எட்வர்ட் மார்க்கிக்காக 2013-ல் தயாரான அறிக்கை, 2000 முதல் 2011 வரை இந்தத் துண்டுக்காக அமெரிக்க நுகர்வோர் கொடுத்தது குறைந்தது 2,000 கோடி டாலர் என்றது.

> அப்படியானால் மொத்தத்துக்கும் "கசிவிழப்பு" என்றே வைத்துவிடலாமே?

கோபம் புரிகிறது, ஆனால் அதுவும் சரிவராது. அந்தத் துண்டில் மீட்டர் பிழையும் திருட்டும் சேர்ந்தே இருக்கின்றன. குளிரில் வாயு சுருங்கும்; வெப்பநிலைக்கு ஈடுகட்டாத மீட்டர் அப்போது குறைவாகக் காட்டும். சில ஆண்டுகளில் சில நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு எதிர்மறையாகவே வந்திருக்கிறது, அதாவது விட்டதைவிட விற்றது அதிகம்! கசிவு எப்படி எதிர்மறையாகும்? இன்னொரு பக்கம், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் கசிவது இந்தத் துண்டில் வரவே வராது. அது ஏற்கெனவே பதிவாகி, பணமும் கட்டியாகிவிட்டது.

ஆகவே மொத்தத்துக்குக் "கணக்கில் வராத எரிவாயு" என்றே இருக்கட்டும், நீளமானாலும் பரவாயில்லை. அதில் குழாயிலிருந்து உண்மையாகவே வெளியேறிய பங்குக்கு மட்டும் "கசிவிழப்பு". இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான், மீட்டர் பிழையைக் காட்டிக் கசிவின் விலையையும் மக்கள் தலையில் கட்டுவதைக் கேள்வி கேட்க முடியும். கசிவிழப்பை நிறுவனத்தின் பங்குதாரர்தான் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குழாய் மாற்றும் செலவில் மக்கள் பங்கு கொடுப்பது நியாயம், அந்தக் குழாய் அவர்களுக்குப் பல பத்தாண்டு உழைக்கும். காற்றில் போன வாயுவால் யாருக்கும் அடுப்பு எரியவில்லை.

நம் கலைச்சொல் பட்டியலில் "அனுமதித்த இழப்பு" என்று ஒன்று இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டும். டெக்சாஸில் விநியோகக் குழாய்களுக்கு 5 சதவீதம், பென்சில்வேனியாவில் படிப்படியாக இறக்கி 3 சதவீதம் என்று வைத்திருப்பது, எவ்வளவு இழப்பின் விலையைப் பில்லில் ஏற்றலாம் என்பதற்கான எல்லை. அதற்கு "வசூல் வரம்பு" என்பது என் பரிந்துரை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.