ஷாஃப்ட் புஷ் வெளியே வர மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. நாகப்பட்டினத்தில் கரையேற்றியிருக்கும் எங்கள் விசைப்படகில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின்பக்க புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலவிடும் உருளை) தேய்ந்துவிட்டது. கையால் தூக்கினால் ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடுகிறது. உள்ளே ரப்பர், வெளியே பித்தளைக் கூடு. அதைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைக் கழற்றியாயிற்று. கூடு அசையவே இல்லை. ஷாஃப்ட்டை உருவிவிட்டு, ஹாக்ஸா பிளேடால் கூட்டை நீளவாக்கில் அறுத்து உள்பக்கமாக மடக்கி எடுக்கலாம் என்கிறார் மெக்கானிக். ஸ்டெர்ன் ட்யூபில் (புஷ் உட்கார்ந்திருக்கும் பின்பக்கக் குழாய்) வெட்டு விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஷாஃப்ட்டை உருவாமல் புல்லர் போட்டு இழுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

புதியதை ஐஸில் போட்டுச் சுருக்கி ஏற்றுவோம், அது பிரச்சினை இல்லை. ஷாஃப்ட்தான் கவலை. புஷ் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். லேத்தில் கொடுத்துச் சரிசெய்தால் தாங்குமா, இல்லை ஷாஃப்ட்டையே மாற்றிவிடுவதா?