மனநோயாளிட்டப் பேசும்போது கதவைச் சாத்தணுமா, வேண்டாமா? (இழையில எழுதுதவங்களுக்கு அவங்க ஊர்தான் பேரு)

கொக்கிரகுளம்: "மூடுன அறை, 50 நிமிசம், ஒத்தை ஆளு, எல்லாம் ஃப்ராய்டோட வியன்னாச் சரக்கு. தாய் தகப்பனையும் உள்ளயே உக்கார வைக்கிறதுதான் உளவியல்ல காலனிய நீக்கம், வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போனதைக் களையுதது"ன்னு வி.கே.புரத்தாரு நேத்து எழுதியிருக்காரு. வியன்னாக்காரன் என்னைக்குவே பாளையங்கோட்டையை ஆண்டான்? பெர்க்லி-ஹில்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ டாக்டர், ராஞ்சியில ஐரோப்பியர் மனநல மருத்துவமனைக்குத் தலைமை. 1921-ல இந்துக்களோட மதம், தத்துவம், குணம் எல்லாத்தையும் ஆசனவாய் இன்பத்துல கொண்டு போய்க் கட்டுனாரு. 1922-ல கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவுல தொடங்குன உளப்பகுப்பாய்வுச் சங்கத்துலயும் இவரு உண்டு. காலனியம் அங்கன இருக்கு. நீரு கதவைப் பிடிச்சுத் தொங்குதீரு.

வி.கே.புரம்: தொங்குதது நீருதான்வே. 1950கள்ல அமிர்தசரஸ்ல மனநல டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டுக் குடும்பத்தையும் தங்க வச்சாரு. வேலூர் சி.எம்.சி.யோட பாகாயம் மனநல மையமும் அதே வழி. வியன்னாவைக் கேட்டா செஞ்சாங்க?

கொக்கிரகுளம்: கூடாரம் வளாகத்துல. பேசுற அறைக்குள்ள இல்ல. முதல் 10 நிமிசம் எல்லாரும் இருக்கட்டும்: தூக்கம் எப்பப் போச்சு, மாத்திரையை எப்ப நிறுத்துனாங்க, அது கூட வந்தவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் அவங்களை வெளிய அனுப்பி, கதவைச் சாத்தி, அரைமணி நேரம் தனியா. சாகணும்ங்கிற நெனப்பு, வீட்டுல அடி, குடி, மூணும் அப்பத்தான் கேக்கணும். மாமியாரை வச்சுக்கிட்டு மருமகள்ட்ட அடியைப் பத்திக் கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு மாமியாரே பதில் சொல்லிருவா. கடைசி 5 நிமிசம் மறுபடி எல்லாரும்: மாத்திரை யாரு எடுத்துக் கொடுக்கது, பூச்சிமருந்தை எங்க வச்சுப் பூட்டுதது.

ஏரல்: அண்ணாச்சி, கோயில் கொடையில சாமியாடி ஊர் முன்னாலதான் குறி சொல்லுதாரு. கதவு எங்க? 1849-ல கால்டுவெல் அதைப் பேய் வழிபாடுன்னு எழுதுனாரு. நீங்களும் அந்தக் கண்ணாடியைத்தான் மாட்டியிருக்கீங்க.

இடையன்குடி: கால்டுவெல்லை எதுக்கு இழுக்கீங்க? எங்க ஊர்ல அரை நூற்றாண்டு கிடந்து உழைச்ச மனுசன்.

ஏரல்: உழைச்சா? அந்தப் புஸ்தகத்துல நாடார்களைப் பத்தி எழுதுனதை நீங்க ஒருதடவை வாசிங்க.

கொக்கிரகுளம்: கால்டுவெல்லுக்கு வேற இழை திறங்கய்யா. சாமியாட்டம் நோய்னு யாரு சொன்னா? மேளத்துக்கு ஏறும், எறங்கும். மேளமே இல்லாம, நாக்கு கடிபட்டு, சிறுநீர் போயி, நெனவு தெளியாமக் கிடந்தா அது வலிப்பு. விபூதி போதும்னு விட்டுட்டு மாத்திரையை நிறுத்துனா திரும்ப வரும். கதவைச் சாத்துததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பேட்டை: காலனியத்தை எதிர்த்து எழுதுன மனநல டாக்டர் ஃபனான், 1953-ல அல்ஜீரியாவுல பிளிடா மனநல ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ஐரோப்பியப் பெண்கள் வார்டுல எடுபட்ட கூட்டமும் கொண்டாட்டமும் முஸ்லிம் ஆண்கள் வார்டுல எடுபடல. அப்புறம் அவங்க பழக்கத்துக்கு ஒரு காப்பிக்கடை, அவங்க பண்டிகை, கதை சொல்லுதவருன்னு மாத்துனாரு. பேச வேண்டியது அதை.

வி.கே.புரம்: கேட்டீரா? குடும்பம், ஊரு, பண்டிகை. அதான் நானும் சொல்லுதேன்.

பேட்டை: குடும்பம்னு நான் எங்க சொன்னேன்?

வி.கே.புரம்: 2017 மனநலச் சட்டம் 23-ம் பிரிவுலயே, நோயாளிக்குத் துணையா நிக்குத நியமனப் பிரதிநிதிக்கு விவரம் சொல்லலாம்னு இருக்கு. சட்டமே கதவைத் திறந்துட்டு. நீரு இன்னும் தாழ்ப்பாளைத் தடவுதீரு.

கொக்கிரகுளம்: 14-ம் பிரிவையும் வாசியும். பிரதிநிதியை நோயாளிதான் வெள்ளைத்தாள்ல எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டு நியமிக்கணும். பஸ்ல கூட வந்த சித்தப்பா தானா ஆகிற முடியாது.

வி.கே.புரம்: எழுதித் தராட்டா உறவுக்காரங்கதான்னு அதே பிரிவுல இருக்கு. பாதியை வாசிச்சுட்டு வாத்தியார் வேலை பாக்காதீரும்.

கொக்கிரகுளம்: சரிவே, மாமியாரை உள்ள வச்சுக்கிட்டு மருமகள்ட்ட அடியை எப்பிடிக் கேப்பீரு? அதுக்கு ஒரு வரி.

வி.கே.புரம்: நீரு முதல்ல பாகாயத்துக்குப் பதில் சொல்லும்.

கொக்கிரகுளம்: சொல்லியாச்சு. மேல போயிப் பாரும்.

இடையன்குடி: கால்டுவெல்லைப் பத்திச் சொன்னதுக்கு ஏரல்காரர் இன்னும் பதில் தரல.