இருட்டறைக்குப் பாதரசத் தெர்மாமீட்டர்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

சிப்புட் ஃபிலிம்:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. இடம் சுங்கை சிப்புட். கறுப்பு வெள்ளையோடு சி-41 கலர் ஃபிலிமும் வீட்டில் கழுவப் போகிறேன். மதியத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுகிறது. அமெரிக்காவில் ஒருவர் பாதரசம் உள்ள பழைய கோடக் தெர்மாமீட்டர் விற்கிறார். ‘கண்ணாடிக் குழாய்’ என்று எழுதி விமானத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எது போதும்?

ஈப்போ இருட்டறை:
வேண்டாம் தம்பி. பாதரசம் உள்ள கருவி என்றால் ஐநா எண் 3506, ஆபத்துச் சரக்கு. வகை 8, துணை வகை 6.1. அரிக்கும், நஞ்சும்கூட. விமானத்தில் இதற்கு இவ்வளவு கெடுபிடி ஏன் தெரியுமா? அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். கீறல் வழியாகப் பாதரசம் அடியில் இறங்கிவிட்டால் அந்தப் படலம் திரும்ப ஒட்டாது. உலோகம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டே போகும். பாதரசம் தீர்ந்தும் போகாது, அதனால் சின்னச் சொட்டுதானே என்று விட முடியாது. பெயரை மாற்றி எழுதி அனுப்புவது இதை மறைப்பதுதான். அதற்கு உடந்தையாகாதீர்கள்.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த, 2017 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தமும் இருக்கிறது. பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்புக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் அது 2020-ஐக் கெடுவாக வைத்தது. மாற்றே இல்லாத உயர் துல்லிய அளவீட்டுக்கு விலக்கு உண்டு. இருட்டறைக்கு மாற்று இருக்கிறதே.

கிள்ளான் அக்கா:
எது போதும் என்று பார்ப்போம். கறுப்பு வெள்ளைக்கு அரை டிகிரி பிழை பெரிய விஷயமில்லை, ஒவ்வொரு முறையும் அதே பிழையாக இருந்தால் சரி. நம்ம ஊரில் 20-க்கு ஐஸ் போட்டுப் போராடுவதைவிட 24-இல் கழுவுங்கள். எச்பி5 ஃபிலிமை, ஐடி-11 டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்து கழுவினால், 20-இல் 13 நிமிடம். 24-இல் சுமார் 9. ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், திட்டுத்திட்டாக வரும்.

சி-41 வேறு கதை. டெவலப்பர் 37.8 டிகிரி, 0.15 கூடவோ குறையவோ மட்டும்தான் இடம், 3 நிமிடம் 15 வினாடி. தவறினால் மூன்று வண்ண அடுக்கும் வெவ்வேறு கான்ட்ராஸ்டில் நிற்கும். பிரிண்ட் போடும்போது ஃபில்டர் மாற்றினாலும் சரியாகாது.

ஸ்பிரிட் தெர்மாமீட்டர், அதாவது பாதரசத்துக்குப் பதில் சிவப்புச் சாயமிட்ட ஆல்கஹால் உள்ளது, ஒன்று வாங்குங்கள், அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஐஸ் கச்சாங்குக்குச் சீவுவது போல ஐஸைப் பொடித்து, ஆசிட் கலக்காத பேட்டரித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டாம், கூழாக இருக்கட்டும். கால் மணி நேரம் கழித்துப் படியுங்கள். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருத்தம் 38-க்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். அங்கே ஸ்பிரிட்டோடு ஒப்பிட, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வையுங்கள். நல்லது 0.1 டிகிரிக்குள் காட்டும். பத்து வினாடியில் கணித்துச் சொல்லும் வகை வேண்டாம். ஒரு நிமிட வகை. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, இரண்டின் முனையும் பக்கத்தில் இருக்கட்டும். டிஜிட்டல் உச்ச அளவைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தண்ணீர் ஆறத் தொடங்கியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ரவாங் ரசாயனம்:
ஏற்கெனவே பாதரசத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குலுங்கியதில் குழாய்க்குள் பாதரசக் கம்பி நடுவில் அறுந்திருந்தால் நெருப்பில் காட்டாதீர்கள், குமிழ் வெடிக்கும். ஐஸும் உப்பும் கலந்த கிண்ணத்தில் குமிழை மட்டும் வையுங்கள். பாதரசம் கீழே சுருங்கிச் சேர்ந்துகொள்ளும்.

உடைந்தால் முதலில் மோதிரம், வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். தங்கத்தில் பாதரசம் உடனே பிடித்து வெளுத்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, வீட்டின் மற்ற அறைகளுக்குப் போகும் கதவை மூடுங்கள். கையுறை போட்டு, இரண்டு அட்டையால் உருண்டைகளைச் சேர்த்துச் சிரிஞ்சில் உறிஞ்சி, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடுங்கள். இடுக்கில் போனதன்மேல் கந்தகத் தூள். விளக்குமாறு, வாக்குவம் இரண்டும் கூடாது, சிதறடித்து ஆவியாக்கும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் அந்த ஆவி ஏறக்குறைய இரட்டிப்பாகும், இருட்டறையோ காற்றே புகாத அறை. சிங்க்கில் ஊற்றாதீர்கள். மலேசியக் கழிவு அட்டவணையில் அது எஸ்டபிள்யூ 109, சுற்றுச்சூழல் துறையைக் கேட்டு ஒப்படையுங்கள்.

சிப்புட் ஃபிலிம்:
நன்றி அக்கா, அண்ணன்மார்களே. அமெரிக்கப் பேச்சை விட்டுவிட்டேன். ஸ்பிரிட் தெர்மாமீட்டரை எவ்வளவு ஆழம் முக்க வேண்டும்?

கிள்ளான் அக்கா:
தண்டில் கோடு இருந்தால், பெரும்பாலும் 76 மில்லிமீட்டரில், அதுவரை. கோடு இல்லையென்றால் சிவப்புக் கம்பியின் நுனி வரை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் 38, அறை 30 என்று வையுங்கள். அளவுகோலில் 30 டிகிரி நீளத்துக்குக் கம்பி தண்ணீருக்கு வெளியே நின்றால் ஸ்பிரிட் கால் டிகிரிவரை குறைத்துக் காட்டும்; பாதரசத்தில் அது 0.04 மட்டுமே. சி-41-க்குக் கால் டிகிரி அதிகம். அதனால் கழுவும்போது எந்த ஆழத்தில் வைப்பீர்களோ, அதே ஆழத்தில் வைத்தே டிஜிட்டலோடு ஒப்பிடுங்கள்.