8ஆம் வகுப்பு வரை பெங்களூரு, 9 முதல் 12 தமிழ்நாடு: அரசு மருத்துவக் கல்லூரி மாநில ஒதுக்கீட்டுக்குக் கேட்ட நேட்டிவிட்டி (பூர்விகச்) சான்று நிராகரிப்பு. அடுத்து என்ன?

கடைவீதி_அப்பா (கேள்வி)

வணக்கம். மகள் இந்த முறை நீட் எழுதி, தகுதி மதிப்பெண்ணுக்கு நன்றாக மேலேயே எடுத்திருக்கிறாள். மாநில ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் நிலைமை இதுதான்:

பூர்விகம் தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம். பெங்களூருவில் மளிகைக் கடை வைத்திருந்தேன், மகள் பிறந்ததும் அங்கேதான். 1 முதல் 8 வரை அங்கே தனியார் பள்ளி. 4 வருடம் முன்பு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்துவிட்டோம். 9 முதல் 12 வரை இங்கே அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சமூகம். மகள் பெயரில் சாதிச் சான்று தமிழ்நாட்டில் எடுத்தது இருக்கிறது.

இ-சேவையில் நேட்டிவிட்டி போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். கேள்விகள்: (1) இந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா? (2) அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு கிடைக்குமா? (3) நீட் விண்ணப்பத்தில் பிரிவை 'பொது' என்று போட்டுவிட்டோம், எம்பிசி போய்விடுமா? (4) கர்நாடகாவிலும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாமா?

சீட்_மேட்ரிக்ஸ்

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: முடியாது. 6 முதல் 12 வரை முழுவதும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் படிப்புச் சான்றே போதும். அந்த 7 வகுப்பில் ஒன்றுகூட வெளி மாநிலத்தில் படித்திருந்தால், 'தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர்' என்பதை நேட்டிவிட்டி சான்றோடும் பெற்றோரின் ஆவணங்களோடும் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு 6, 7, 8 மூன்றும் வெளியே.

இதற்கு நேரெதிரான நிலை ஒன்று உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெளி மாநிலத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம், பிள்ளை மட்டும் 6 முதல் 12 வரை இங்கே படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப் போட்டியில் மட்டும்தான். நீங்கள் அந்த வகை இல்லை. பூர்விகத்தை நிரூபித்துவிட்டால் எம்பிசி உரிமை முழுதாக உண்டு.

7.5% கிடைக்காது. 2020 சட்டப்படி 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யவே வேண்டாம். பொய்த் தகவல் என்று எடுத்துக்கொண்டால் மொத்த விண்ணப்பத்துக்கும் ஆபத்து.

ஊத்தங்கரை_குமார்

சார், 8 வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கும் 7.5% உண்டு என்று சொல்கிறார்களே? ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சீட்_மேட்ரிக்ஸ்

அது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்தில், தமிழ்நாட்டுத் தனியார் பள்ளியில், 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான விதி குமார். கட்டணம் கட்டிப் பெங்களூருவில் படித்தது அதில் அடங்காது.

மணியக்காரர்

ஐயா, நிராகரிப்பு ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும். விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மூன்று படி இருக்கும். எந்தப் படியில் நின்றது, குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள், என்னென்ன ஆவணம் ஏற்றினீர்கள், மூன்றையும் அப்படியே எழுதுங்கள்.

கடைவீதி_அப்பா

வி.ஏ.ஓ. படியிலேயே நின்றுவிட்டது. "மனுதாரர் பெங்களூருவில் பிறந்தவர், இவ்விடத்தில் 4 ஆண்டுகளாக வசிப்பு, பூர்விகத்துக்கு ஆவணம் இல்லை" என்று இருக்கிறது. ஏற்றியது மகளின் ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பிறப்புச் சான்று.

மணியக்காரர்

அப்படியானால் கவலைப்படாதீர்கள், இது சரிசெய்யக்கூடிய நிராகரிப்பு. நீங்கள் ஏற்றிய நான்கும் 'மகள் இப்போது இங்கே இருக்கிறாள், அங்கே பிறந்தாள்' என்று மட்டும்தான் சொல்கின்றன. அரூரைப் பற்றி அந்தக் கட்டில் ஒரு வரிகூட இல்லை. வி.ஏ.ஓ. கையில் இருந்த தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

புது விண்ணப்பம் போடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். நேட்டிவிட்டிக்கான சேவை எண் ரெவ்-102 என்று ரசீதில் இருக்கிறதா பாருங்கள். குடியிருப்புச் சான்று என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லும், கலந்தாய்வுக்கு உதவாது. அவசரத்தில் மையத்தில் அதைப் போட்டுவிடுவதும் நடக்கிறது.

இந்த முறை ஏற்ற வேண்டியவை: உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அல்லது மாற்றுச் சான்றிதழ் (அரூர் பக்கத்துப் பள்ளி என்றால் அதுதான் இருப்பதிலேயே வலுவானது), உங்கள் சாதிச் சான்று அட்டை, உங்கள் அப்பா பெயரில் பட்டா, சிட்டா இருந்தால் அது, அவருடைய ரேஷன் கார்டு, மகளின் 9 முதல் 12 வரைக்கான படிப்புச் சான்று. மகளின் பிறப்புச் சான்றில் உங்கள் பெயர் இருக்கும். அந்தப் பெயரும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் சங்கிலி சேரும்: தாத்தா அரூர், அப்பா அரூர், மகள் அந்த அப்பாவின் பிள்ளை. சுய உறுதிமொழிப் படிவத்திலும் "தொழில் நிமித்தம் பெங்களூருவில் வசித்தோம், பூர்விகம் அரூர் வட்டம், இன்ன கிராமம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

விண்ணப்பம் எந்த வி.ஏ.ஓ.வுக்குப் போகிறது என்பதை கேன் எண்ணில் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பதிவு எண்) பதிந்துள்ள முகவரிதான் தீர்மானிக்கும். உங்களுடையது இப்போதைய ஊருக்குப் போகும். அவருக்கு அரூர் கிராமம் தெரியாது, ஆகவே தாளை நம்பித்தான் எழுத வேண்டும். பதிவு செய்த மறுநாளே அசல்களோடு நேரில் போய்ப் பாருங்கள். கைபேசியில் படம் காட்டுவது போதாது. பூர்விகக் கிராமத்து வி.ஏ.ஓ.விடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் இங்கிருப்பவருக்குக் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது.

மறுபடியும் நின்றால் வட்டாட்சியரை நேரில் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் எழுத்து மனு கொடுங்கள், அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனுவில் விண்ணப்ப எண்ணும், மருத்துவ விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் முதல் வரியிலேயே இருக்கட்டும். தேதி இல்லாத மனு வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

பயாலஜி_டீச்சர்

மணியக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு பள்ளியிலிருந்து 6, 7, 8க்கான படிப்புச் சான்று இன்றே கேளுங்கள். விண்ணப்பத்தில் 6 முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளி, ஊர், ஆண்டு கேட்பார்கள். மாற்றுச் சான்றிதழ் நகல் மட்டும் இருந்தால், எந்த வகுப்பு எந்த ஆண்டு என்பது சில பள்ளிகளின் படிவத்தில் தெரியாது. பள்ளித் தலைப்புத் தாளில், முதல்வர் கையெழுத்து, முத்திரையோடு, ஆண்டு வாரியாக வாங்குங்கள்.

பெயரையும் இப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றை நடுவில் வைத்து, நீட் அட்மிட் கார்டு, 12ஆம் வகுப்பு, சாதிச் சான்று, ஆதார் ஆகியவற்றை அதனோடு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பெரிய சிக்கல் இல்லை. பெயரின் எழுத்தே மாறியிருந்தால், அல்லது அப்பா பெயர் வேறாக இருந்தால், சாதிச் சான்றைத் திருத்தி மறுபடி எடுப்பதுதான் நல்லது. இ-சேவையில் கேன் விவரத்தை முதலில் திருத்திவிட்டுப் பிறகு சாதிச் சான்றுக்கான ரெவ்-101 போட வேண்டும். கேனைத் திருத்தாமல் போட்டால் பழைய பிழையோடுதான் புதுச் சான்றும் வரும்.

சீட்_மேட்ரிக்ஸ்

3ஆவது கேள்வி. இரண்டு வாசல்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15% அகில இந்திய ஒதுக்கீடு, எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்துவது. சென்னை மருத்துவக் கல்லூரியின் 250 இடத்தில் சுமார் 37 அதற்குப் போய்விடும். மீதி 85% மாநிலத்தின் தேர்வுக்குழு நிரப்புவது. எம்.சி.சி. நீட் விண்ணப்பத்தில் உள்ள பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளும். பொது என்று போட்டதால் அங்கே 27% ஓபிசி கிடைக்காது, பொதுவாகத்தான் போட்டியிட வேண்டும். மாநில விண்ணப்பத்தில் சமூகத்தைத் தனியாகக் கேட்பார்கள், அங்கே தமிழ்நாட்டுச் சாதிச் சான்றுதான் பேசும். எம்பிசி 20% அப்படியே இருக்கிறது. அது போக, தரவரிசையில் மேலே இருந்தால் 31% பொதுப் போட்டி இடமும் மகளுக்குத் திறந்தே இருக்கும். எம்பிசி என்று போட்டதால் பொது இடம் மறுக்கப்படாது. எம்பிசிக்கு மாநிலத்தில் வருமான வரம்பும் கிடையாது. 8 லட்சம் என்று கேள்விப்படுவது மத்திய ஓபிசி சான்றுக்கு.

4ஆவது: கர்நாடகாவில் போட வேண்டாம். அங்கே 1 முதல் 12க்குள் 7 ஆண்டு படித்திருக்க வேண்டும், கூடவே 10 அல்லது 12ஐ அங்கே தேறியிருக்க வேண்டும். மகளுக்கு 8 ஆண்டு இருக்கிறது, ஆனால் 10ம் 12ம் இங்கே. அந்தப் பிரிவில் தகுதி வராது. வேறு பிரிவு எதையாவது பிடித்து உள்ளே போனாலும், இரண்டு மாநிலத்தில் பூர்விகம் கோரினார் என்று ஆகிவிடும். இங்கே உறுதிமொழியில் 'வேறு மாநிலத்தில் நேட்டிவிட்டி கோரவில்லை' என்று கையெழுத்துப் போடும் குடும்பம், அந்தக் கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடத்தை ரத்து செய்வார்கள்.

கடைவீதி_அப்பா

மிக்க நன்றி ஐயா, டீச்சர். அப்பா பெயரில் பட்டா இருக்கிறது, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இருக்கிறது. நாளையே புது விண்ணப்பம். இன்னும் ஒன்று: எம்.சி.சி.யிலும் பதிவு செய்யலாமா, அங்கே வெளி மாநிலத்தில் இடம் வந்துவிட்டால் இங்கே போய்விடுமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். விருப்பப் பட்டியலில் கிருஷ்ணகிரியை முதலில் வைக்கவா?

கீழ்ப்பாக்கம்_வாசல்

எம்.சி.சி.யில் பதிவு செய்யுங்கள் சார். பொதுப்பிரிவுக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் பதிவுக் கட்டணம் 1,000, திரும்ப வரும் வைப்புத் தொகை 10,000. விண்ணப்பத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்து டிக் செய்துவிடாதீர்கள், வைப்புத் தொகை 2 லட்சமாகிவிடும்.

முதல் சுற்றில் இடம் வந்து, போக விருப்பம் இல்லை என்றால் சேராமலே விடலாம், பணம் போகாது. 2ஆம் சுற்றில் வந்து சேராவிட்டால் வைப்புத் தொகை போகும். 3ஆம் சுற்றில் வாங்கிச் சேர்ந்துவிட்டால் வேறு எந்தக் கலந்தாய்விலும் நுழைய முடியாது. ஆகவே பயப்பட வேண்டியது பதிவுக்கு இல்லை, 2ஆம் சுற்றிலிருந்து என்ன கல்லூரிகளை நிரப்புகிறீர்கள் என்பதற்கு. போக மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

முதல் சுற்றில் எங்காவது சேர்ந்துவிட்டு மாநிலத்துக்கு வர நினைத்தால், கல்லூரியில் கடிதம் கொடுத்து அசல்களை வாங்கிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. கல்லூரி எம்.சி.சி. தளத்தில் விலகலைப் பதிவு செய்து, அங்கிருந்து எடுத்த விலகல் கடிதத்தைத் தர வேண்டும். அது இல்லை என்றால் கணக்கில் மகள் அந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் காட்டும், இங்கே ஒதுக்கீடு தடுக்கப்படும்.

மாநில விருப்பப் பட்டியலுக்கு ஒரே விதி: உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசை. போன வருட கட்-ஆஃப் பார்த்து, 'சேலம் கிடைக்காது' என்று கீழே தள்ளாதீர்கள். கணினி மகளின் தர எண் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். கிடைக்காததை மேலே வைத்ததால் கீழே உள்ளது குறையாது. ஆனால் கிருஷ்ணகிரியை முதலில் வைத்து அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி பார்க்காது. போலுப்பள்ளியில் உள்ள அந்தக் கல்லூரி 2022இல் தொடங்கியது, 150 இடம். வீட்டுக்குப் பக்கம் என்பது உண்மையான காரணம்தான். நோயாளிகள் வரத்தும், முதுநிலைத் துறைகளும் அதிகமுள்ள பழைய கல்லூரி வேண்டும் என்று மகள் நினைத்தால் சென்னை, ஸ்டான்லி, மதுரை, கோவை மேலே போகட்டும். ஐந்தரை வருடம் அங்கே இருக்கப் போவது அவள், வரிசையை அவளே போடட்டும்.

பட்டியலைப் பூட்டிய பிறகு பிடிஎஃப் எடுத்து, முதல் 10 வரியில் இருப்பவை அரசுக் கல்லூரிகள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே திரையில்தான் வரும், கட்டணம் பல மடங்கு வேறு.

மணியக்காரர்

ஐயா, பட்டா உங்கள் அப்பா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் அவர் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். முதல் பக்கத்தை மட்டும் ஏற்றினால் பெயர் இல்லை என்று மறுபடி நிற்கும். சான்று வந்ததும் தந்தை பெயர், கிராமம், வட்டம் மூன்றையும் படித்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.